தலையை வெட்டினால் புதராகும்! மீன்தொட்டிச் செடிக்குத் தேயிலைத் தோட்டத்துக் கவாத்து

[திரையில்: அடர்ந்த மீன்தொட்டி. கத்தரிக்கோல் உள்ளே போகிறது. ரோட்டாலா செடிகளின் மேல்பாதி மொத்தமாக வெட்டுப்பட்டு மிதக்கிறது.]

பார்க்கவே மனசு பதறுகிறதா? ஆசையாக வளர்த்த செடியின் தலையை இப்படி வெட்டலாமா என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். சில வாரம் கழித்து அதே இடத்தில் எடுத்த படம் இதோ. ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு நிற்கின்றன, சில இடத்தில் மூன்று. இதற்கென்று ஒரு சொட்டு உரம்கூட கூடுதலாகப் போடவில்லை.

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஸ்டெம் பிளான்ட், அதாவது தண்டுச் செடிகள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தொட்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, செடி மேலே அழகாக இருக்கிறது, கீழே மொட்டையாக இருக்கிறது. என்ன உரம் போடுவது?" உரம் வேண்டாம் தம்பி, கத்தரிக்கோலை எடுங்கள். ஏன் என்று புரிவதற்கு நாம் தேயிலைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் அடிப்படை விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன்.

நீளமான தண்டு, அதில் வரிசையாகக் கணுக்கள், கணுவுக்குக் கணு இலை, எந்தக் கணுவிலிருந்தும் வேர் விடும் திறன். இவ்வளவும் இருந்தால் அது தண்டுச் செடி. ரோட்டாலா, லுட்விஜியா, ஹைக்ரோஃபிலா, பக்கோபா, லிம்னோஃபிலா எல்லாம் இந்தக் கூட்டம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா இதில் சேராது. இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அவற்றின் தலையில் கை வைத்துவிடாதீர்கள். தரைக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மெல்லிய சரளை அல்லது அக்வா சாயில் (தொட்டிச் செடிக்கென்று விற்கும் மண்), டைமர் போட்டு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் எல்இடி வெளிச்சம், குளோரின் நீக்கிய தண்ணீர். அடிப்படை அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், எனக்கு இதில் பெருமை உண்டு. வெளிநாட்டுத் தொட்டிகளின் படங்களைப் பார்த்து நாம் வாய் பிளக்கிறோமே, அதில் இருக்கும் செடிகளில் எத்தனையோ நம் மண்ணைச் சேர்ந்தவை. சிவப்பில் கொழிக்கும் ரோட்டாலா மக்ராண்ட்ரா இந்தியச் செடி. யார் வேண்டுமானாலும் வளர்த்துவிடக்கூடிய ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மாவும் இந்தியச் செடிதான். கடைகளில் பக்கோபா மொன்னியேரி என்று எழுதி விற்பது நம்முடைய நீர்ப்பிரமி. கீழே சமவெளியில் வயல் வரப்பில், வாய்க்கால் ஓரத்தில் தானாகப் படர்ந்து கிடக்கும்.

சரி, இப்போது தேயிலை.

[திரையில்: கோத்தகிரி சாலையோரம், சரிவில் சமமாக வெட்டிவிட்டது போன்ற தேயிலைத் தோட்டம்.]

இந்தச் செடி ஏன் இடுப்பளவு உயரத்தோடு நிற்கிறது? தேயிலை இயல்பிலேயே குட்டையான புதர் என்றுதான் சுற்றுலா வருபவர்கள் நினைக்கிறார்கள். இல்லை, அது மரம். கைவிட்டுப்போன தோட்டங்களில் போய்ப் பாருங்கள், ஆள் உயரத்தைத் தாண்டி, அடியில் இலையே இல்லாமல், உச்சியில் மட்டும் பச்சையாக நிற்கும். கீழே மொட்டை, மேலே குடை. உங்கள் தொட்டியில் இருக்கும் ரோட்டாலாவின் நிலைமையும் இதேதானே?

அப்படியானால் தோட்டத்தில் இருப்பதைப் புதராக வைத்திருப்பது எது? பறிக்கும் கைகள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளும்போது, கூடைக்குத் தேயிலை மட்டும் சேரவில்லை, அந்தக் கிளையின் நுனியும் போய்விடுகிறது. தண்டின் நுனி, ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஆக்சின் இறங்கி வரும் வரைக்கும், கீழே ஒவ்வொரு கணுவிலும் இருக்கும் பக்க மொட்டுகள் தூங்கிக் கிடக்கும். பள்ளித் தாவரவியல் பாடத்தில் நுனி ஆதிக்கம் என்று படித்திருப்பீர்கள். நுனியைக் கிள்ளினால் ஆக்சின் நின்றுபோகும், தூங்கிய மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு கிளை இரண்டாகும், அதைக் கிள்ளினால் நான்காகும். நாம் ரசித்துப் படம் எடுக்கும் அந்தப் பச்சைக் கம்பளம் முழுக்க முழுக்க இப்படிக் கிள்ளிக் கிள்ளி உண்டானது.

இன்னும் சுவாரசியமான விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு முறை பறிக்கும்போதும் போன முறை பறித்த இடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் கை போகும். அதனால் மேல்மட்டம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும், உள்ளே குச்சி அதிகமாகும், கொழுந்து சிறுத்துப்போகும். அதனால்தான் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து. தாழ வெட்டிவிடுவார்கள். கவாத்து முடிந்த தோட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் செடியெல்லாம் செத்துப்போனது போலத்தான் தெரியும். மழை விழுந்து துளிர் வந்த பிறகு பார்த்தால் அசந்துபோவார்கள்.

மீன்தொட்டியில் இந்த இரண்டு வேலையையும் நாம் அப்படியே செய்கிறோம். முதலாவது, கொழுந்து பறிப்பது மாதிரி மேலாக நறுக்கிவிடுவது. செடி தொட்டி உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அடுத்த முறை அந்த வெட்டுக்குக் கொஞ்சம் மேலே. ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியா இதற்கென்றே பிறந்த செடி, வெட்ட வெட்டக் கிளைக்கும். முன்வரிசையைத் தாழ்வாகவும் பின்வரிசையை உயரமாகவும் வெட்டினால், குன்னூர் சரிவே தொட்டிக்குள் வந்துவிடும்.

இரண்டாவது, கவாத்து. பல முறை வெட்டிய பிறகு அடித்தண்டு பழுப்பாகிவிடும், இலை சிறுத்துவிடும், பாசி ஒட்ட ஆரம்பிக்கும். அப்போது அடிப்பகுதியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெட்டிய தலைகளையே புதிதாக நடுங்கள். கீழே இரண்டு மூன்று கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, ட்வீசரால் தண்டின் அடியைப் பிடித்து, கொஞ்சம் சாய்வாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செருக வேண்டும். ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக! கடையில் கட்டாக வாங்கிய செடிகளை ரப்பர் பேண்டோடு அப்படியே நட்டுவைப்பதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. நடுவில் இருக்கும் தண்டுக்கு வெளிச்சம் எப்படிப் போகும், சொல்லுங்கள்?

தேயிலையோடு செய்த ஒப்பீடு ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. அந்த இடம் முக்கியம். தேயிலையின் வேரில் மாவுச்சத்து சேமிப்பு இருக்கும். எல்லா இலையும் போனாலும் அந்தச் சேமிப்பை வைத்துத்தான் துளிர்க்கும். அப்படியும் சில தோட்டங்களில் ஓரத்தில் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டுவைக்கிறார்கள், செடி தாக்குப்பிடிக்கட்டும் என்று. நம் தண்டுச் செடிக்கு அவ்வளவு பெரிய சேமிப்பெல்லாம் இல்லை. அதனால் மேலே வெட்டிவிட்டு அடியைத் துளிர்க்க விடுவதானால், அந்த அடியில் நல்ல பச்சை இலையோடு மூன்று நான்கு கணுவாவது இருக்கட்டும். ஏற்கெனவே மொட்டையான குச்சியை மட்டும் மண்ணில் விட்டுவைத்தால் பெரும்பாலும் அழுகித்தான் போகும்.

வெட்டி முடித்த அன்றே பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். வெட்டுப்பட்ட தண்டிலிருந்து கசிவதெல்லாம் பாசிக்குத் தீனி.

புதிதாகச் செடி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணைகளில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள். ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியா வெளியே வட்ட இலையோடு இருக்கும், தண்ணீருக்குள் குறுகலான இலை விடும். நட்ட சில நாளில் பழைய இலை உருகி விழுவதைப் பார்த்துப் பயந்து பிடுங்கிவிடாதீர்கள். நுனியில் புது வடிவத்தில் இலை வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது நம் மலைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் வாயு அதிகம் கரையும், அதனால் மலையில் மீனுக்கு ஆக்சிஜன் தாராளம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அழுத்தம் குறைந்தால் கரையும் வாயுவும் அதே விகிதத்தில் குறையும். கடல்மட்டத்தில் 15 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரித் தண்ணீர் சுமார் 7.5 மில்லிகிராம். அந்த 10-ல் முக்கால் பங்கு எவ்வளவு? 7.5! ஊட்டிக் குளிரில் ஒரு தொட்டி, சென்னை வெயிலில் ஒரு தொட்டி, இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆக்சிஜன்.

[திரையில்: இரண்டு தொட்டிகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் 15 டிகிரி, ஊட்டி. மற்றதில் 30 டிகிரி, சென்னை. இரண்டின் கீழும் 7.5.]

இதனால் நமக்கு என்ன? ஊட்டியில் ஹீட்டர் போட்டுத் தண்ணீரை 28 டிகிரிக்கு ஏற்றினால், ஆக்சிஜன் 6 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும், சென்னைத் தொட்டியைவிடக் குறைவு. இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். அடர்ந்த செடித் தொட்டியில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், இதையும் ஒரு காரணமாக யோசியுங்கள். என் அபிப்பிராயம் இதுதான்: மலையில் செடித் தொட்டிக்கு 20 முதல் 22 டிகிரி போதும். மேலே சொன்ன செடிகளில் பெரும்பாலானவை அந்த வெப்பநிலையில் நன்றாகவே வளரும். வளர்ச்சி கொஞ்சம் நிதானமாக இருக்கும், அதனால் கத்தரிக்கோல் வேலையும் குறையும். மீன்களையும் அதற்கு ஏற்றபடி எடுங்கள். ஜீப்ரா டானியோ, ஒயிட் கிளவுட் இரண்டும் இந்தக் குளிருக்குப் பொருந்தும். தங்கமீன் வேண்டாம், செடியைத் தின்றுவிடும். ஃபில்டர் வெளியேற்றும் தண்ணீர் இரவில் மேற்பரப்பை லேசாகக் கலக்கிக்கொண்டே இருக்கட்டும்.

கார்பன் டை ஆக்சைடு விஷயத்திலும் ஒரு மலைச் சிக்கல் உண்டு. இந்த வாயு தண்ணீரில் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. செடி பக்கத்தில் இருக்கும் வாயுவை எடுத்துக்கொண்டு, அடுத்தது வரக் காத்துக்கிடக்கும். அதனால்தான் தனியாகக் கொடுக்கிறோம். சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டில் முறை சமவெளியில் ஓடும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் இங்கே ஈஸ்ட் சுருண்டு படுத்துவிடும். சிலிண்டர் வாங்க வசதி இல்லையென்றால் சிட்ரிக் அமிலம், சமையல் சோடா முறைக்குப் போங்கள். அது வேதிவினை, உயிரியை நம்பி இல்லை.

தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள், தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் முக்கியமாக. தேயிலையில் மழைக்காலத்தில் கொப்புள நோய் வரும். அதற்குத் தாமிரம் கலந்த மருந்து அடிப்பார்கள். தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே இறால்களையும் நத்தைகளையும் கொன்றுவிடும். மருந்து கலக்கிய வாளி, தெளிப்பான், குழாய் எதுவும் தொட்டிப் பக்கம் வரவே கூடாது. தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரை மருந்து அடிக்கும் காலத்தில் எடுக்காதீர்கள். அதே மாதிரி தோட்டத்துக்கு வாங்கிவைத்த யூரியாவில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கலாமே என்ற எண்ணமும் வேண்டாம். அது அம்மோனியாவாக மாறி மீனைக் கொல்லும். மீன்தொட்டிக்கென்று விற்கும் திரவ உரத்தில் பாதி அளவில் ஆரம்பியுங்கள். பழைய இலையில் ஊசித் துளை விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியம் குறைவு. புது இலை வெளிறி வந்தால் இரும்புச்சத்துக் குறைவு.

கடைசியாக, வெட்டியதை எங்கே போடுவது? ஓடையிலோ, ஊட்டி ஏரியிலோ, பைக்காராவிலோ, கொடைக்கானல் ஏரியிலோ போடவே கூடாது. ஒரு கணு போதும், அது ஒரு காடாகிவிடும். 2020-ல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் வாய்க்கால் முழுவதும் இளஞ்சிவப்புப் பூ பூத்துக் கிடந்ததைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது, நினைவிருக்கிறதா? அது கபோம்பா ஃபர்காட்டா. தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி, மீன்தொட்டிகளில் வளர்ப்பது. பார்க்க எவ்வளவு அழகோ, அந்த நீர்நிலையில் இருக்கும் மற்றச் செடிகளுக்கு அவ்வளவு ஆபத்து. நாம் மட்டும் பாதிக்கப்படவில்லை. நம் ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா இன்றைக்கு அமெரிக்காவில் தடை செய்யப்பட்ட களை. 1950-களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக ஃபுளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியால் அங்கே ஏரிகளே அடைபட்டுப்போயின.

அதனால் மிச்சத்தை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கேரட் பாத்திக்கோ ரோஜாத் தொட்டிக்கோ உரக்குழியில் போடுங்கள். நல்ல தலைகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பள்ளிக்கூடத்துத் தொட்டிக்குக் கொடுங்கள்.

நீலகிரி, கொடைக்கானல் நண்பர்கள் எல்லோரும் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலையில் விளக்குப் போடும் முன் தொட்டியில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, ஊர்ப் பெயரோடு எத்தனை டிகிரி என்று கீழே எழுதுங்கள். ஹீட்டர் இருக்கிறதா, இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்த ஊருக்கு எந்தச் செடி என்று அடுத்த வீடியோ செய்யப்போகிறேன்.