பேருந்து நிலையத்தில் ஒரு புத்தகக் கடை

(கிளை நூலக வாசகர் வட்டம் நடத்திய நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே! எனக்கு ஏழாம் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்து, இன்றைக்கும் என் கடிதங்களில் ஒற்றுப்பிழை திருத்தி அனுப்புகிற, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே! தங்களுடன் வந்திருக்கும் வார்டு உறுப்பினர்களே! வர்த்தக சங்கத்துப் பெரியவர்களே! ஒற்றை ஆளாக இந்த நூலகத்தைத் திறந்து, கூட்டி, அடுக்கி, பூட்டி நடத்தும் நம் கிளை நூலகர் அம்மா அவர்களே! பந்தல் போட்டுக்கொடுத்த தம்பி, ஒலிபெருக்கி தந்த தம்பி, தேநீர் கொண்டுவரும் தம்பி, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு தனி வணக்கம். உங்களுக்காகத்தான் பேச வந்திருக்கிறேன்.

நகர்மன்றத் தலைவர் அம்மா 7 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா, ஒரு கால் மணி நேரம் மட்டும் கூடுதலாக இருக்க வேண்டும். உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘புத்தகம் வாங்குவது கடையிலா, இணையத்திலா?’ இதில் நான்கு செய்திகளைச் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். விலை, வசதி, கள்ளப் பிரதி, கடைசியாகக் கண்ணும் கையும். நான்குக்கும் பொதுவாக என் பாட்டி அடிக்கடி சொன்ன ஒரு பழமொழி உண்டு. பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும். பாட்டிக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனாலும் என்னைக் கையைப் பிடித்து வாரம் ஒருநாள் நூலகத்து வாசலில் விட்டுவிட்டு, இதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

முதலில் விலை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்பது உண்மை. 300 ரூபாய்ப் புத்தகத்தைச் சில நாள் 210 ரூபாய்க்குத் தருகிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு 90 ரூபாய் சின்னப் பணமா? அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சென்னைப் புத்தகக் காட்சியிலும் 10 சதவீதம் கழிவு உண்டு. ஆனால் 365 நாளும் வாடகையும் மின்கட்டணமும் கட்டுகிற சின்னக் கடைக்காரர் அதற்கு மேல் எங்கே போவார்? பிரான்சு நாட்டில் இதை யோசித்து 1981-லேயே சட்டம் போட்டார்கள். பதிப்பாளர் வைத்த விலையில் 5 சதவீதத்துக்கு மேல் யாரும் குறைத்து விற்கக் கூடாது. இலவசமாக வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று அதைச் சுற்றிக்கொண்டு போனவர்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து இன்னொரு கட்டு. 35 யூரோவுக்குக் குறைவாகப் புத்தகம் வாங்கினால் அனுப்பும் செலவாகக் குறைந்தது 3 யூரோ வாங்கியே தீர வேண்டும். ஜப்பானிலும் புதுப் புத்தகத்தை எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே விலைதான். இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேச வேண்டியவர்கள் பேசட்டும். நான் நம் ஊருக்கு வருகிறேன்.

இரண்டாவது, வசதி. நம் ஊரில் பாடநூலும் நோட்டும் விற்கும் கடை ஆறு இருக்கிறது. கதைப் புத்தகம் விற்கும் கடை ஒன்றுகூடக் கிடையாது. அப்படியிருக்க, இணையத்தில் வாங்காதே என்று நான் யாரிடம் சொல்ல முடியும்? அமேசான் 1995-ல் கடை திறந்தபோது விற்றது புத்தகம். 2007-ல் தொடங்கிய ஃப்ளிப்கார்ட்டும் புத்தகத்தில்தான் ஆரம்பித்தது. அதற்கு முதல் ஆர்டர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெங்களூரிலிருந்தோ பம்பாயிலிருந்தோ வரவில்லை. ஆந்திரத்தில் அன்றிருந்த மகபூப்நகரிலிருந்து வந்தது. நம்மைப் போன்ற ஊர்க்காரர் ஒருவர் தேடிய புத்தகம் பக்கத்தில் கிடைக்காமல் அங்கே கேட்டிருக்கிறார். கடை இல்லாத ஊரின் பசியிலிருந்துதான் அந்த வியாபாரமே பிறந்தது, ஐயா! மாங்கா என்று பிள்ளைகள் சொல்லும் ஜப்பானியப் படக்கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். (மாம்பழத்து மாங்காய் இல்லை, பெரியவர்கள் தயவுசெய்து சிரிக்க வேண்டாம்.) நருட்டோ என்ற ஒரு கதை மட்டும் 72 பாகம். 14 வாங்கிவிட்டு 15 கிடைக்காமல் தவிக்கும் பிள்ளைக்கு இணையம் ஒரு வரம். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கும், வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

வீட்டுக்கே புத்தகம் போவது நமக்குப் புதிதும் கிடையாது. சீர்காழியில் 1892-ல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக இருந்த ரங்கநாதன் அவர்களின் காலத்தில், 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறது. அதே ஆண்டில் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. இணையக் கடை இந்த நான்காவது விதியை நன்றாகவே காப்பாற்றுகிறது. மூன்றாவது விதியை வைத்துக்கொண்டுதான் நான் இங்கே நிற்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்.

இது என்ன விதி என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் அனுமதி கொடுத்திருக்கிறார்.

எங்கள் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார் ஓர் அண்ணாச்சி. மகன் ஒன்பதாவது படிக்கிறான். பிறந்தநாள் வந்தது. பையன் கைப்பேசியில் ஜப்பான் கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறானே, அதைப் புத்தகமாக வாங்கிக் கொடுத்தால் படிக்கவாவது செய்வான் என்று நினைத்து, அவனுக்குத் தெரியாமல் இணையத்தில் முதல் பாகத்தை வரவழைத்தார். பார்சலைக் கடையிலேயே பிரித்தார். பார்த்தால், முன்னட்டை இருக்க வேண்டிய இடத்தில் விலைப்பட்டை. படம் போட்ட அட்டை பின்னால். சரியென்று முதல் பக்கத்தைத் திறந்தால் அங்கே கதையே இல்லை. ஆங்கிலத்தில் ஏதோ ஓர் அறிவிப்பு. அண்ணாச்சிக்கு ஆங்கிலம் ஓரளவுதான். அதில் ‘ராங்’ என்ற சொல் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அடுத்த பக்கத்தில் கதை முடிந்துகொண்டிருக்கிறது! பைண்டிங் செய்தவன் தலைகீழாகக் கட்டிவிட்டான், தப்பு என்று அவர்களே சீட்டும் அடித்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் மாற்றுப் புத்தகம் வந்தது. அதுவும் அப்படியே. இதையும் அனுப்பினார். பணம் ஒரு பைசா குறையாமல் திரும்பி வந்தது. பிறந்தநாளுக்குப் பையனுக்குத் தன் கடைச் சட்டையைக் கொடுத்தார்.

அந்த நிறுவனத்தின் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். கேட்டவுடன் மாற்றிக் கொடுத்தார்கள். கேட்டவுடன் பணம் கொடுத்தார்கள். ‘அண்ணாச்சி, புத்தகத்தைத் திருப்பிப் பிடிங்க’ என்று சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை.

கதை முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து அண்ணாச்சி மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போனார். விளக்குத்தூண் பக்கம் வேலையை முடித்துவிட்டுப் பேருந்துக்கு வரும் வழியில், தமுக்கத்தில் புத்தகக் காட்சி என்று பதாகை. வெயிலுக்கு ஒதுங்கலாமே என்று உள்ளே போயிருக்கிறார். ஒரு கடையில் அதே புத்தகம் அடுக்கி வைத்திருந்தது. நல்ல மனுஷர் இல்லையா? கடையில் நின்ற கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார்: “தாயி, இது தப்பாக் கட்டுன புத்தகம். நான் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டேன். விக்காதீங்க, உங்க கடைப் பேரு கெட்டுப்போகும்.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்த இடம். புத்தகத்தை வாங்கித் திருப்பி அவர் கையில் வைத்து, “அண்ணாச்சி, ஜப்பான்காரங்க இதை வலப்பக்கமிருந்து படிப்பாங்க. நீங்க பார்த்தது கடைசிப் பக்கம். தப்பான பக்கமிருந்து படிக்கிறீங்கன்னுதான் அதுல போட்டிருக்கு. இந்தக் கட்டம் முதல்ல, அப்புறம் இடது பக்கம் இது, அப்புறம் கீழே வாங்க” என்று விரல் வைத்துக் காட்டினாள். அண்ணாச்சி நின்றபடியே பத்துப் பக்கம் போனார். “எழுத்து பாதிதான் புரிஞ்சுது. படமே கதை சொல்லிருச்சு” என்று என்னிடம் சொன்னார்.

வாங்கிக்கொண்டு திரும்பினால் எதிர்க்கடையில் இரும்புக்கை மாயாவி! நம் சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த முதல் இதழ் அந்தக் கதைதான். மறுபதிப்பு வந்திருக்கிறது. சின்ன வயதில் பெட்டிக்கடையில் இரவல் வாங்கிப் படித்ததாம். அதையும் வாங்கினார். அன்று ராத்திரி ஜவுளிக்கடைத் திண்ணையில் அப்பா இடப்பக்கமிருந்தும் மகன் வலப்பக்கமிருந்தும் படித்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வெயிலுக்கு ஒதுங்கிய மனுஷர்! பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும் என்று பாட்டி சொன்னது இதைத்தான்.

இந்த ஒதுங்குதல்தான் ரங்கநாதன் சொன்ன மூன்றாவது விதிக்கு உயிர். அலமாரியைப் பூட்டி வைக்காதே, வாசகர் கைவிட்டு எடுக்கட்டும் என்று அவர் வற்புறுத்தியது இதற்காக. இணையத்தில் தேடும் பெட்டியில் பெயரை அடிக்க வேண்டும். பெயரே தெரியாத புத்தகத்தை எப்படி அடிப்பது? நாம் முன்பு பார்த்ததைப் போன்றதைத்தான் அது மறுபடி காட்டும். கடையில் சமையல் புத்தகத்துக்கு வந்தவர் கையில் பக்கத்து அடுக்கிலிருக்கும் சங்க இலக்கியம் ஏறுகிறது. ஜப்பானில் கடையில் நின்றுகொண்டே படிப்பதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது, தாச்சியோமி. மாங்காவைப் பல கடைகளில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தும் பிள்ளைகள் நிற்பது நின்றபாடில்லை. அந்த நாட்டிலேயே இன்று மாங்கா விற்பனையில் மின்வடிவம் அச்சை முந்திவிட்டது. கடையே இல்லாத ஊர்கள் பெருகுகின்றன. ஊர்க் கடைகளைக் காப்பாற்ற 2024-ல் அரசே ஒரு குழு அமைத்திருக்கிறது. அவர்கள் இழந்துவிட்டுத் தேடுகிறார்கள். நம் ஊரில் ஒன்று இருந்ததே மறந்துபோய்விட்டது.

ஆமாம், இருந்தது. பழைய பேருந்து நிலையத்தில் இரண்டாவது கடை. நீளக் கயிறு கட்டி, துணி கிளிப் மாட்டி, காமிக்ஸும் மாத நாவலும் தொங்கும். என் தலைமுறையில் எத்தனையோ பேர் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் வாசகரானவர்கள். அந்தக் கயிற்றை நினைத்தால் பாட்டியின் நார்தான் ஞாபகம் வருகிறது.

கடைசியாகக் குறித்த கண்ணும் கையும் அண்ணாச்சி கதையிலேயே வந்துவிட்டது. மூன்றாவது செய்தியான கள்ளப் பிரதியைப் பேச நேரம் இல்லை. தலைவர் ஐயா சீட்டு அனுப்பிவிட்டார். நேராகக் கோரிக்கைக்கு வருகிறேன்.

நகர்மன்றத் தலைவர் அம்மா! புதிய பேருந்து நிலையம் கட்டி முடிந்து, கடைகள் ஏலத்துக்குக் காத்திருக்கின்றன. பேக்கரியோடும் கைப்பேசிக் கடையோடும் புத்தகக்காரர் ஏலத்தில் போட்டி போட முடியாது. அதனால் ஒரே ஒரு கடையை, பத்துக்குப் பத்து போதும், ஏலத்திலிருந்து விலக்கிப் புத்தகத்துக்கென்று ஒதுக்கித் தாருங்கள். இப்படி ஒதுக்குவது புதிய வழக்கம் இல்லை. ஆவின் பாலகத்துக்கு இடம் தருகிறோம், மகளிர் குழுவுக்குத் தருகிறோம். 2015-ல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தபோது அங்கே எவ்வளவு வாடகை வரும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் நாங்கள் மறக்காமல் கட்டுகிறோம். புத்தகத்துக்காக வரி கட்டும் ஊருக்குப் புத்தகத்துக்கென்று நூறு சதுர அடி கேட்கிறோம்.

கடை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் வாசகர் வட்டத்தில் பேசி எழுதியிருக்கிறோம். அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு கூடாது. பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும். கீழ்த் தட்டு முழுவதும் படக்கதை, தமிழும் மாங்காவும். இல்லாத புத்தகத்தைக் கடைக்காரரே இணையத்திலோ பதிப்பகத்திலோ சொல்லி வரவழைத்துக் கொடுக்க வேண்டும். அஞ்சல் துறை குறைந்த கட்டணப் பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திய பிறகு, சின்னப் பதிப்பகங்களுக்கு ஒற்றைப் புத்தகம் அனுப்புவதே பாரமாகிவிட்டது. இருபது பேர் கேட்டதை ஒரே கட்டாக, இரவுப் பேருந்தில் போட்டு இந்தக் கடைக்கு அனுப்பினால் அந்தப் பாரமும் இறங்கும். பேருந்து நிலையத்தைவிட அதற்குத் தோதான இடம் ஏது? கடையை எடுத்து நடத்த இரண்டு இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள். அதோ, நெல்லி மரத்தடியில் நிற்கிறார்கள். ஜவுளிக்கடை அண்ணாச்சி அலமாரிக்கு மரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மனு நூலகர் அம்மாவின் மேசையில் இருக்கிறது. இன்று மாலை வரை 212 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வாசலில் நிற்பவர்களும் உள்ளே வந்து போட்டுவிட்டுப் போங்கள், பிள்ளைகளும் போடலாம். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். தலைவர் அம்மா, 7 மணியாக இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. நானே எடுத்துவந்து உங்கள் கையில் தந்துவிடுகிறேன். வணக்கம்.