கூட்டுக் கிணறும் கல்லூரிக் கணக்கும்

தாளாளர்களே, முதல்வர்களே, ஆசிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்று காலை தருமபுரி நான்கு ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்துக்குள் ஐந்து கல்லூரி பஸ்கள். எல்லாமே கிருஷ்ணகிரி பக்கம் போகிறவை, எதிலும் பாதி சீட்கூட நிறையவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர், தனி டீசல், தனியாக எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று. இதெல்லாம் யார் தலையில் விடிகிறது? மாந்தோப்பில் கூலிக்குப் போய் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவர்கள் தலையில்தான். நம் கல்லூரிகள் இப்படிச் செலவைச் சேர்ந்து செய்ய முடியாதா என்பதுதான் இன்று என் பேச்சு.

நான் ஒரு கல்லூரியில் கணக்குப் பார்த்தவன். அங்கே ஆய்வகத்தில் கம்பியை இழுத்து முறித்துச் சோதிக்கும் யு.டி.எம். மெஷின் ஒன்று இருந்தது. செமஸ்டருக்குச் சில வாரம்தான் அதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் பச்சைத் துணி போர்த்திக் கிடக்கும். பக்கத்துக் கல்லூரியிலும் அதே மெஷின், அதே மாதிரி துணி. பழுது பார்க்கும் ஒப்பந்தத்தையாவது சேர்ந்து போடலாமே என்று கேட்டேன். "போட்டிக்காரன் வாசலில் போய் நிற்பதா?" என்றார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, கல்லூரிக்கு அனுமதி தருவதற்காக நேரில் பார்வையிட வருகிறவர்கள் கல்லூரிக்குக் கல்லூரி மெஷினை எண்ணுகிறார்கள். அந்த விதியை நாம் மாற்ற முடியாது. விதி கேட்காததில் சேரலாமே.

சேர்வது மற்ற இடங்களிலும் நடக்கிறது. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர் கட்டணத்தின் உச்சவரம்பு 2017 முதல் 9,250 பவுண்டிலேயே நின்றது. 2025இல்தான் 9,535 ஆனது. விலைவாசி அதுவரை காத்திருக்குமா? அங்கே கென்ட், கிரீனிச் பல்கலைக்கழகங்கள் ஒரே குழுமமாகச் சேரப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தன. பட்டம் அவரவர் பெயரில்தான். இங்கேயும், ஆய்விதழ்களுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகச் சந்தா கட்டுவதற்குப் பதில், மத்திய அரசே மொத்தமாகப் பேசி 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. தொடக்கத்தில் அது அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் கல்லூரிகள் நாம்தான் கூடிப் பேச வேண்டும்.

கூடினால் சண்டை வரும் என்கிறீர்கள். நம் பக்கத்துக் கொல்லைகளில் கூட்டுக் கிணறு பார்த்ததில்லையா? நாலு பங்காளிக்குள் பேச்சுவார்த்தை இருக்காது, கோர்ட்டில் வழக்குகூட நடக்கும். ஆனால் முறைத் தண்ணீர் தவறாது. திங்கள் பெரியவருக்கு, செவ்வாய் சின்னவருக்கு. மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்தால் பங்குப்படி பணம் போட்டுக் கட்டுவார்கள். தக்காளியா, ராகியா என்பது அவரவர் பாடு. யார் எவ்வளவு, எப்போது, பழுதானால் யார் என்பது முதலிலேயே பேசி முடிந்திருக்கும். கூட்டு நிற்பதே அதனால்தான்.

அதனால் ஒரே ஒரு பஸ் தடத்தில் தொடங்குவோம். செலவு சீட் கணக்கில். பர்மிட் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவோம். பஸ்ஸுக்குள் எந்தக் கல்லூரியின் அட்மிஷன் நோட்டீஸும் ஒட்டக் கூடாது. தர்மபுரி–கிருஷ்ணகிரி தடத்தின் நிறுத்தங்களை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், மேடைக்குக் கீழே மேசையில் இருக்கிறது. எந்த நிறுத்தத்தில் உங்கள் மாணவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். இரண்டு கல்லூரி எழுதினாலே ஜூனில் ஓட்டிவிடலாம்.