கெடுத்தால் ஆயுளைக் கூட்டும் மரபணு

(காட்சி: நுண்ணோக்கியின் கீழ் நெளியும் கண்ணாடி போன்ற புழுக்கள்)

இந்தப் புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். பெயர் மட்டும் ஆளைவிட நீளம்: சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். பாக்டீரியாவைத் தின்று, முட்டையிட்டு, இரண்டு மூன்று வாரத்தில் செத்துப்போகும்.

1993-இல் கலிஃபோர்னியாவில் சிந்தியா கென்யனின் குழு, டாஃப்-2 என்ற ஒரே ஒரு மரபணு பழுதான புழுக்களை வளர்த்துப் பார்த்தது. கூடப் பிறந்தவை எல்லாம் செத்த பிறகும் இவை ஊர்ந்துகொண்டே இருந்தன. ஆயுள் இரண்டு மடங்குக்கும் மேல்!

புதிதாக எதையும் சேர்க்கவில்லை, இருந்ததைக் கெடுத்தார்கள், அவ்வளவுதான். சரி, கெட்டால்தான் நல்லது என்றால் அந்த மரபணு உடம்பில் எதற்கு?

(காட்சி: செல்லின் மேற்பரப்பு, அதில் ஓர் ஏற்பி)

டாஃப்-2 உருவாக்குவது ஓர் ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் சேதியைச் செல்லுக்குள் கடத்தும் புரதம். நம் இன்சுலின் ஏற்பிக்கு உறவு. "சாப்பாடு இருக்கிறது, வளரு, முட்டையிடு" என்று செல்லுக்குச் சொல்வது அதன் வேலை. அது பேசிக்கொண்டிருக்கும்வரை டாஃப்-16 என்ற இன்னொரு புரதம் உட்கருவுக்குள் போக முடியாது. பேச்சு குறைந்தால் உள்ளே போய், செல்லைப் பழுதுபார்க்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். டாஃப்-16-ஐயும் நீக்கிப் பார்த்தார்கள். கூடிய ஆயுள் காணாமல் போனது.

உண்மையில் இது பஞ்சத்துக்கான ஏற்பாடு. இரை இல்லாத காலத்தில் இளம்புழு வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். டாஃப்-2 பழுதான புழு, வயிறு நிறைந்திருக்கும்போதே பஞ்சம் என்று நம்புகிறது. அதற்கு விலையும் உண்டு. சாதாரணப் புழுக்களோடு ஒரே தட்டில் விட்டால், நீண்ட ஆயுள்காரர்களின் வம்சம் சில தலைமுறைகளிலேயே அற்றுப்போகிறது. முட்டையிடுவதில் பிந்தினால் போட்டியில் நிற்க முடியுமா?

(காட்சி: ஹவாய், பிறகு ஈக்வடார் மலைக்கிராமம்)

அப்புறம், மனிதர்கள். டாஃப்-16-க்கு நம்மிடம் இருக்கும் உறவு ஃபாக்ஸோ3 என்ற மரபணு. 95 வயதைத் தாண்டிய ஹவாய் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் அதன் ஒரு வகை அதிகமாகக் காணப்பட்டது 2008-இல் தெரியவந்தது. ஆனால் புழுவில் நடந்ததுபோல இரட்டிப்பு எல்லாம் இல்லை, நீண்ட காலம் வாழும் வாய்ப்புதான் கூடுகிறது.

எனக்கு அதைவிடச் சுவாரசியம் ஈக்வடார்தான். அங்கே சிலருக்குப் பிறவியிலேயே வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி வேலை செய்யாது. டாஃப்-2 பழுதான புழுவைப் போலவே, "வளரு" என்ற சேதி அவர்கள் உடம்பிலும் குறைவு. உயரம் மிகக் குறைவு. புற்றுநோயும் நீரிழிவும் அவர்களிடம் ஏறக்குறைய இல்லை. ஆனாலும் உறவினரைவிட அதிக காலம் வாழ்ந்துவிடவில்லை. பலரை விபத்தும் குடியும் கொண்டுபோயின.