வெள்ளிக்கிழமையின் இரண்டரை மணி நேரம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் உறுப்பினர் ஐயா அவர்களே, அவரை அழைத்துவரப் படாதபாடு பட்ட விழாக் குழு நண்பர்களே, பேராசிரியர் அம்மையார் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலைவர் ஐயா எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். சபையில் ஒரு சுயேச்சைக்கு மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்தக் கணக்கில் இன்று நான் பெரிய கட்சி!

சிறு துரும்பும் பல் குத்த உதவும். பழைய நண்பர்கள் ‘ஆரம்பித்துவிட்டார்’ என்று சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், நான் விடப்போவதில்லை.

நாடாளுமன்றத்தில் சுயேச்சைகளும் சிறு கட்சிக்காரர்களும் மூன்று வேலை செய்கிறார்கள். ஆட்சியை ஆக்கவும் கவிழ்க்கவும் அவர்களால் முடியும். அரசுத் துறைகளின் வேலையை ஆராயும் நிலைக்குழுக்களில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். மூன்றாவது, சட்டம் கொண்டுவருகிறார்கள். மூன்றையும் சொல்கிறேன்.

முதலாவதற்கு ஒரு கதை. நடந்த கதைதான். 1979 மார்ச் 28, லண்டன். பிரிட்டன் பிரதமர் ஜேம்ஸ் கலகன் அரசுக்குப் பெரும்பான்மை கிடையாது. எதிர்க்கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்துவிட்டார். கொறடாக்கள் தாளும் பேனாவுமாகத் தலைகளை எண்ணுகிறார்கள். ஒரு முறை கூட்டினால் பிழைப்போம் என்கிறது, மறுமுறை கூட்டினால் போய்விட்டோம் என்கிறது. போதாக்குறைக்கு அன்று நாடாளுமன்ற உணவக ஊழியர்கள் வேலைநிறுத்தம். ஆட்சி போகுமா என்ற கவலையோடு பசியும் சேர்ந்துகொண்டது.

ஆளுங்கட்சியில் ஆல்ஃபிரட் பிராட்டன் என்று ஓர் உறுப்பினர், படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆம்புலன்ஸில் வளாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும், அவர் வாக்கைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் வழியிலேயே உயிர் போகலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சில நாட்களில் அவர் இறந்தும் போனார்.

மிச்சம் இருந்த நம்பிக்கை ஃபிராங்க் மக்வையர். வட அயர்லாந்தின் சுயேச்சை உறுப்பினர். ஊரில் மதுக்கடை நடத்துபவர். சபைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அப்படிப்பட்டவர் அன்று கடல் தாண்டி லண்டனுக்கு வந்து இறங்கிவிட்டார். ஆளுங்கட்சிக்காரர்களுக்கு உயிர் வந்தது. நம்மைக் காப்பாற்றத்தான் மனுஷன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? வாக்களிக்காமல் இருப்பதற்காக நேரில் வந்திருக்கிறேன் என்றார்! வீட்டிலிருந்தே வாக்களிக்காமல் இருந்திருக்கலாமே ஐயா என்று நமக்குத் தோன்றும். அவர் கணக்கு வேறு. தன் மக்களுக்கு இந்த அரசு எதுவும் செய்யவில்லை என்பதை ஆளுங்கட்சிக்காரர்கள் கண்ணெதிரே நின்று காட்ட வேண்டும்.

வாக்கு எண்ணினார்கள். அரசுக்கு எதிராக 311, ஆதரவாக 310. ஒரே ஒரு வாக்கு! அரசு போயிற்று, தேர்தல் வந்தது, தாட்சர் வந்தார். அப்புறம் 11 ஆண்டுகள் அவர் ஆட்சிதான். துரும்பு பல் குத்த உதவும் என்றுதானே நினைக்கிறோம்? அன்று அது பல்லையே பிடுங்கிவிட்டது.

இந்திய மக்களவையிலும் 1999 ஏப்ரல் 17 அன்று 269-க்கு 270 என்று ஒரு வாக்கில்தான் வாஜ்பாய் அரசு வீழ்ந்தது. அந்தக் கதை உங்களுக்கே தெரியும்.

ஆனால் பத்திரிகைகள் நினைவில் வைப்பது இந்த ஒரு வேலையைத்தான். தொங்கு நாடாளுமன்றம் வந்தால் சுயேச்சையின் வீட்டு வாசலில் கேமரா நிற்கும். மற்ற நாளில் அவர் பேரே யாருக்கும் தெரியாது. சுயேச்சை என்றால் விலை போகிறவர் என்ற பேச்சும் இருக்கிறது. அதற்குத்தானே 1985-இல் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், வந்தது? சுயேச்சையாக ஜெயித்தவர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும்.

சரி, சட்டம் இயற்றுவதற்கு வருகிறேன். என் மனசு அங்கேதான் இருக்கிறது. 1935-இல் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து ஏ. பி. ஹெர்பர்ட் சுயேச்சையாக வந்தார். முதன்முதலாக எழுந்து பேசியபோதே, தனி உறுப்பினர்களின், அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர்களின், நேரத்தை அரசு எடுத்துக்கொள்வதை எதிர்த்தார். விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தியே தீருவேன் என்றார். இரண்டே ஆண்டில், 1937-இல், சட்டம் வந்துவிட்டது. அதுவரை பிறர்மனை உறவு ஒன்றுதான் விவாகரத்துக்குக் காரணம். கொடுமைப்படுத்துவதும் கைவிட்டுப் போவதும் காரணமாக ஏற்கப்பட்டது இவரால்தான். 1967-இல் கருக்கலைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த டேவிட் ஸ்டீல் இருந்த லிபரல் கட்சிக்கு அப்போது ஒரு டஜன் இடங்கள்தான்.

நம் மக்களவையில்? லக்னோவின் சுயேச்சை உறுப்பினர், முன்னாள் நீதிபதி ஆனந்த நாராயண் முல்லா ஒரு மசோதா கொண்டுவந்தார். கீழ் நீதிமன்றம் விடுவித்த ஒருவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தால், அவர் உரிமையோடு உச்ச நீதிமன்றம் போகலாம். 1970-இல் அது சட்டமானது. சிறு துரும்பு என்றேனே, எத்தனை பேருக்கு அது கைகொடுத்திருக்கும் பாருங்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தனி உறுப்பினர் மசோதாகூடச் சட்டமாகவில்லை. ஒன்றுகூட இல்லை! விடுதலைக்குப் பின் மொத்தமே 14. திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையைத் தாண்டவில்லை.

காரணம் நேரம். தனி உறுப்பினர்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம். அதிலும் ஒரு வாரம் மசோதா, மறு வாரம் தீர்மானம். அந்த நேரத்துக்குப் பாதிப் பேர் விமானம் ஏறியிருப்பார்கள். அமளி என்றால் அதுவும் போச்சு. விவாதம் நடந்தாலும், அமைச்சர் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் திரும்பப் பெறுகிறேன் என்று உறுப்பினர் உட்கார்ந்துவிடுவார். அவை கலைந்தால் மசோதாவும் காலாவதி.

மாற்ற முடியாததா இது? ஆஸ்திரேலியாவில் 2010 தேர்தலில் இரு பெரிய அணிகளும் ஆளுக்கு 72 இடத்தில் நின்றன. 17 நாள் பேச்சுவார்த்தை. ராப் ஓக்ஷாட் என்ற சுயேச்சை, யாருக்கு ஆதரவு என்பதைச் சொல்லாமலே 17 நிமிடம் பேசி நாட்டையே தவிக்க விட்டார். (என்னைவிடக் குறைவுதான்.) அவரும் மற்றச் சுயேச்சைகளும் அரசிடம் கேட்டு வாங்கியவற்றில் ஒன்று, தனி உறுப்பினர் மசோதாவுக்கு வாக்கெடுப்பு.

நிலைக்குழுக்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அது இன்னொரு கூட்டத்துக்கு இருக்கட்டும், செயலாளர் மீண்டும் கூப்பிட்டால்.

நாம் கேட்பது இரண்டு. வெள்ளிக்கிழமை நேரத்தை வேறு எந்த அலுவலுக்கும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அடுத்த வாரம் ஈடு செய்ய வேண்டும். விவாதம் முடிந்த மசோதா எதுவானாலும் வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். தோற்றால் தோற்கட்டும், யார் எதிர்த்தார்கள் என்பது பதிவாகட்டும். கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது. முன்னாள் உறுப்பினர் ஐயா முதல் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் வரிசையில் வாருங்கள். நன்றி, வணக்கம்.