வயலுக்கு மேல் ட்ரோன்: துணையா, தொல்லையா? ‘தொல்லையே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, வாழப்பாடிப் பெருமக்களே, வணக்கமுங்க.

எதிரணி அண்ணன் ஒரு கணக்குச் சொல்லிக் கைதட்டல் வாங்கிப் போனார். மரவள்ளிக்குக் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், ட்ரோனில் 10 லிட்டர், வேலையும் பத்தே நிமிஷம் என்றார். கணக்கு சரி. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். தண்ணீர் குறைந்தது, மருந்து குறைந்ததா அண்ணே? ஏக்கருக்கு 100 மில்லி என்றால் இதிலும் அதே 100 மில்லிதான். 200 லிட்டரில் கரைத்ததை 10 லிட்டரில் கரைத்தால் துளிக்குத் துளி இருபது மடங்கு காட்டம்!

பத்து லிட்டர் ஒரு ஏக்கரை மூட வேண்டுமானால் துளியைப் பொடிப்பொடியாக உடைக்க வேண்டும். 100 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போன துளி விழாது, மிதக்கும். பயிருக்கு மேல் இரண்டு மீட்டரில் பறந்தால் விசிறிக் காற்று துளியைக் கீழே அழுத்தும். பாக்கு மரமும் கரண்ட் கம்பியும் குறுக்கே வந்தால் ஓட்டுபவர் ஐந்து மீட்டருக்கு ஏற்றுவார். அப்புறம் அது யார் காட்டு மருந்து? காற்று போகும் காட்டு மருந்து.

அந்தக் காட்டில் மல்பெரி இருக்கிறது என்று வையுங்கள். நாலாம் தோலுரிப்பு முடிந்த பட்டுப்புழுதான் அதிகமாகத் தின்னும். மருந்து பட்ட தழையைப் போட்டால் தலையை ஆட்டும், பச்சையாகக் கக்கும், சுருண்டு சாகும். அதுவரை போட்ட தழைக்கூலி, ஆள்கூலி அத்தனையும் குப்பைக் குழிக்கு.

மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சிக்கு ட்ரோன்தான் மருந்து என்றார்கள். அந்தப் பூச்சி சுருண்ட குருத்துக்குள்ளே, மெழுகுப் போர்வையில் உட்கார்ந்திருக்கிறது. மேலிருந்து தூவும் பனி அங்கே எட்டாது. எட்டுவது யாருக்கு? பக்கத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் 2022இல் விட்டார்களே, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்தச் சின்னக் குளவி, அதற்கு! மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைத் தீர்க்கிற குளவியை நாமே கொல்கிறோம்.

சரி, ஏற்காட்டுக்கு ஏறுவோம் என்றார் இன்னொரு அம்மா. ஏறலாம். காபி இருப்பது சில்வர் ஓக் நிழலில். மேலே தெளித்தால் ஓக் இலைதான் குளிக்கும். காபித் தண்டுத் துளைப்பான் என்கிற வண்டுக்கு மருந்து அடிப்பது தண்டில். சிக்னல் போனால் ட்ரோன் தானாகத் திரும்பும், உண்மை. திரும்பும் உயரம் 30 மீட்டர் என்று வைத்தால் அது கிளம்பிய இடத்திலிருந்து 30 மீட்டர். நடுவில் மலை அதற்கும் மேலே நின்றால் நேராகப் போய் மோதும்.

முதுகில் 16 லிட்டர் சுமந்து விஷத்தை மூச்சிழுத்த தொழிலாளி தப்பித்தார், அதை நான் மறுக்கவில்லை. அதுவொன்றே போதும் என்று நடுவர் தீர்ப்பெழுதினாலும் குற்றமில்லை. ஆனால் அந்த இருபது மடங்குக் கரைசலைக் கலக்கி டேங்கில் ஊற்றும் உதவியாளர் கையில் உறை இருக்கிறதா, பாருங்கள்.

2021 ட்ரோன் விதிகளில் ட்ரோனுக்கு அடையாள எண் உண்டு, ஓட்டுநருக்குச் சான்றிதழ் உண்டு, காமலாபுரத்துச் சேலம் விமான நிலையத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கும் உண்டு. பக்கத்துத் தோட்டக்காரர் சம்மதம்? ஒரு வரி கிடையாது.

மணி அடிச்சாச்சு, முடிக்கிறேன். அண்ணே, தெளிப்பதற்கு முந்தின நாளே பட்டுக்கார அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, தழையை அறுத்து வெச்சுக்கட்டும். ஈரச் சாக்குப் போர்த்தினாலும் ஒரு நாள்தான் தாங்கும். ரெண்டாம் நாளுக்கு என்ன பண்ணுவார்னு நீங்களே பதில் சொல்லுங்க.