நாற்பதுக்குப் பிறகு அந்த அளவுச் சட்டையை வீட்டில வையுங்கோ

வணக்கம். இண்டைக்குச் சாறியைப் பற்றி இல்லை, சாறிக்குப் போடுற சட்டையைப் பற்றித்தான் கதைக்கப் போறம். நல்லூர்த் திருவிழா வருகுதெண்டால் யாழ்ப்பாணத்தில பெரியகடைப் பக்கம், நவீன சந்தைப் பக்கம் போய் ஒரு சாறி எடுப்பம். பிறகு அதோட வாற சட்டைத் துணியை வெட்டி, பத்து வருசத்துக்கு முந்தித் தைச்ச ஒரு சட்டையையும் அதே பையில போட்டு, தைக்கிறவையிட்டக் கொண்டுபோய்க் குடுப்பம். "இதே அளவுதான், ரெண்டு பக்கமும் கொஞ்சம் பெருப்பிச்சு விடுங்கோ" எண்டு சொல்லிப் போட்டு வருவம். முழுப் பிழையும் அந்த ஒரு வசனத்திலதான் கிடக்கு.

நாற்பது தாண்டினாப் பிறகு உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பெருக்கிறேல்லை. மாதவிடாய் நிக்கிற காலத்தை அண்டி ஈஸ்ட்ரஜன் குறைய, முந்தித் துடையில சேர்ந்த கொழுப்பு வயித்துப் பக்கம் சேரத் தொடங்கும். மார்பு இறங்கும். தோள் முன்னுக்கு வரும், மேல்முதுகு கொஞ்சம் வளையும். மேல்கை பருக்கும். ஆனால் தோள் எலும்பின்ர அகலம் அப்பிடியேதான் இருக்கும். அப்ப பக்கத்தை மட்டும் பெருப்பிச்சால் என்ன நடக்கும்? இடுப்பில இறுக்கம் விடும், மார்பில விடாது. டாட்ஸ், அதாவது மார்புக்கு வடிவம் வரப் பிடிச்சுத் தைக்கிற மடிப்பு, பழைய இடத்திலேயே மேல நிக்கும், துணி அதுக்குக் கீழ இழுபட்டுச் சுருங்கும்.

அதால, அளவுச் சட்டையை விட்டிட்டு உடம்பில அளவெடுக்கச் சொல்லிக் கேளுங்கோ. போகேக்க அந்தச் சாறிக்குப் போடப் போற பிறேசியரையே போட்டுக்கொண்டு போங்கோ. பட்டி தளர்ந்த பழசோட அளவெடுத்துப் போட்டு, விழாவண்டு புதுசைப் போட்டால் மார்பு ஒரு அங்குலம் மேல வந்திடும். எடுத்த அளவு அவ்வளவும் வீண்.

தோளும் கழுத்தும் சேருற இடத்தில ரேப்பை வைச்சு மார்பு முனை வரைக்கும் ஒரு அளவு. ரெண்டு முனைக்கும் இடையில இன்னொரு அளவு. கனபேர் இந்த ரெண்டையும் எடுக்கிறேல்லை, ஆனால் சட்டை வடிவா நிக்கிறதும் நிக்காததும் இதிலதான். டாட்ஸ் மார்பு முனைக்கு முக்கால் அங்குலம் தள்ளி முடிய வேணும். முனையில கொண்டுபோய் முடிச்சால் கூம்பு மாதிரி நிக்கும்.

சட்டையின்ர கீழ்ச் சுற்றளவை நிண்டும் எடுங்கோ, கதிரையில இருந்தும் எடுங்கோ. இருக்கேக்க ஒரு அங்குலம், சிலபேருக்கு ரெண்டு அங்குலம் கூடும். கலியாண வீட்டில மூண்டு மணித்தியாலம் இருக்கத்தானே போறம், அப்ப இருந்தெடுத்த அளவுக்குத்தான் தைக்க வேணும். மேல்கையை, முழங்கையை மடிச்சுப் பிடிச்சுக்கொண்டு அளந்து, அதுக்கு மேல ஒண்டரை அங்குலம் விடச் சொல்லுங்கோ. முன் உயரம், பின் உயரம் ரெண்டையும் வேற வேறயாக் குறிக்கச் சொல்லுங்கோ. முன்பக்கம் கட்டையாகி மேல ஏறுதெண்டால், மார்பு துணியை எடுத்திட்டுது எண்டு அர்த்தம்.

இனிக் கைக்குழி, அதாவது சட்டையில கைத் துணி பூட்டுற வளைவு. இதில கொஞ்ச நேரம் நிப்பம், ஏனெண்டால் இதிலதான் எல்லாரும் தலைகீழா விளங்கி வைச்சிருக்கினம். கமக்கட்டில இறுக்குது எண்டு சொன்னால், உடன கைக்குழியைக் கீழ வெட்டி விடுவினம். அப்ப இறுக்கம் போன மாதிரித்தான் இருக்கும். ஆனால் கையைத் தூக்கிப் பாருங்கோ, முழுச் சட்டையும் கையோட சேர்ந்து மேல ஏறும். கமக்கட்டில இருந்து இடுப்பு வரைக்கும் இருக்கிற பக்கத் துணியின்ர நீளத்தை வெட்டி எறிஞ்சாச்சு, பிறகு கை தூக்க எங்கயிருந்து துணி வாறது? கைக்குழி கமக்கட்டுக்கு அரை அங்குலம், கூடினால் முக்கால் அங்குலம் கீழ நிக்க வேணும். இடம் வேணுமெண்டால் கைத் துணியை அகலமா வெட்ட வேணும்.

வெட்டின சட்டையைத் திருத்தவும் வழி இருக்கு. அதே துணியில, இல்லாட்டி ஒத்த நிறத்தில, 3 அங்குலச் சதுரமா ஒரு துண்டு வெட்டுங்கோ. கமக்கட்டில தையல்கள் சந்திக்கிற புள்ளியில இருந்து கைப்பக்கம் 2 அங்குலம், இடுப்புப் பக்கம் 2 அங்குலம் தையலைப் பிரியுங்கோ. கைக்குழித் தையலில கை வைக்காதேங்கோ. அந்தத் துண்டை வைர வடிவமாத் திருப்பி வைச்சு, அரை அங்குலம் உள்ளுக்கு விட்டுத் தையுங்கோ. நாலு மூலையிலயும் ஊசியைத் துணிக்குள்ள நிப்பாட்டி, துணியைத் திருப்பித் தைக்க வேணும். இல்லாட்டி மூலையில சுருக்கம் விழும், அந்த இடத்தாலதான் பிறகு கிழியும்.

சட்டை பின்னுக்கு வழுகி, முன்கழுத்து தொண்டையில முட்டுதெண்டால் அது கழுத்து வெட்டின பிழை இல்லை. தோள் முன்னுக்கு வந்திட்டுது, தையல் பழைய இடத்தில நிக்குது. தோள்த் தையலின்ர கைப்பக்க நுனியில முன்துண்டில அரை அங்குலம் குறைச்சு, பின்துண்டில அரை அங்குலம் கூட்டி வெட்டச் சொல்லுங்கோ. கழுத்துப் பக்க நுனி அப்பிடியே இருக்கட்டும். கைத் துணியின்ர உச்சிக் குறியையும், அதாவது தோள்த் தையலோட சேருற அடையாளத்தையும், அரை அங்குலம் முன்னுக்குத் தள்ள வேணும், மறந்தால் கை முறுகி நிக்கும். தோளால சட்டை வழுகி விழுறது வேற விசயம். கழுத்து அகலத்தையும் பின் ஆழத்தையும் ஒண்டாக் கூட்டினால் அப்பிடித்தான் விழும். ஆழம் வேணுமெண்டால் அகலத்தைக் குறையுங்கோ.

கொளுக்கி முன்னுக்கு வைக்கிறதுதான் என்ர தெரிவு. பின்னுக்குக் கொளுக்கி வடிவுதான், ஆனால் தோள்மூட்டு இறுகிப் போற வருத்தம் கூடுதலா வாறது நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில, நீரிழிவு இருக்கிறவைக்கு இன்னும் கூட. கையைப் பின்னுக்குக் கொண்டுபோகவே ஏலாமல் போகும். முன் கொளுக்கியை அங்குலத்துக்கு ஒண்டா வையுங்கோ. அதில ஒண்டு சரியா மார்பு முனை மட்டத்தில வரவேணும், அந்த இடத்திலதான் சட்டை வாய் விடும்.

கை எங்க முடியுதோ அங்க கண் போய் நிக்கும். கட்டைக் கை மார்பு மட்டத்திலயே முடிஞ்சால் அந்த இடம் இன்னும் அகலமாத் தெரியும். முழங்கைக்கு ஒண்டரை அங்குலம் மேல, இல்லாட்டி முழங்கையை மூடிக் கீழ. கை இல்லாத சட்டை விருப்பமெண்டால் தாராளமாப் போடுங்கோ. கைக்குழி ஓரத்துக்குச் சரிவா வெட்டின பட்டி வைச்சுத் தைச்சால் வாய் விடாது.

பக்கத் தையலுக்குள்ள ஒவ்வொரு துண்டிலயும் ஒண்டரை அங்குலம் மிச்சம் விடச் சொல்லி, வெட்ட முன்னமே சொல்லுங்கோ. நாலு துண்டு ஓரத்திலயும் அரை அரை அங்குலம் விட்டால் 2 அங்குலம் கிடைக்கும். பட்டுத் துணியில பழைய தையல் அடையாளம் போகாது, அதால பட்டுச் சட்டையைத் துவக்கத்திலேயே சரியாத் தைச்சுப் போடுங்கோ. உள்துணி பருத்தியா இருக்கட்டும். பொலியெஸ்டர் உள்துணி வியர்வையை உறிஞ்சாது, உடம்பு திடீரெண்டு சூடேறி வியர்க்கிற வயசில அது பெரிய கரைச்சல். பருத்தி உள்துணியை ஒரு இரவு தண்ணியில ஊறப் போட்டு, காயவைச்சு, அயன் பண்ணிக் குடுங்கோ. ஊறப் போடாட்டி முதல் தோய்ச்சலில உள்துணி சுருங்கி, மேல்துணி பொங்கி நிக்கும்.

உள்பாவாடை நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய நாடாவை வருசக் கணக்கா ஒரே இடத்தில இறுக்கிக் கட்டினால் தோல் கறுத்து, செதில் விடும். ஆறாத புண் வந்தால் அதைச் சும்மா விடக்கூடாது, அரிதா அது புற்றுநோயாகவும் மாறியிருக்கு. வைத்தியரிட்டக் காட்டுங்கோ. 2 அங்குல அகலப் பட்டி வைச்சு, முன்னுக்குத் தட்டையா, பின்னுக்கு இலாஸ்ரிக் போட்டுத் தைச்சால் வயிறும் அமத்தாது, கொய்யகமும் தட்டையா விழும். பாவாடையின்ர உயரத்தை, போடப் போற செருப்போட நிண்டு அளக்க வேணும்.

நிறத்துக்கு வயசில்லை. நாற்பது தாண்டினால் மங்கல் நிறந்தான் எண்டு சொல்லுறதுக்கு ஒரு காரணமும் இல்லை. தலைமயிர் நரைக்க முகத்தைச் சுற்றியிருந்த கறுப்புக் குறையும், அதால முந்திப் பொருந்தின சாம்பலும் வெளிர் மஞ்சளும் இப்ப முகத்தை வெளுறலாக் காட்டலாம். மயில் நீலம், குங்குமச் சிவப்பு, கடும்பச்சை எல்லாம் வைச்சுப் பாருங்கோ. கடை லைற்றில தெரியிற நிறத்தை நம்பாதேங்கோ, வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில கழுத்தடியில பிடிச்சுப் பாருங்கோ.

கடைசியா, கொடியேத்தத்துக்கு ஒரு மாதம் முந்தி மலிவான பருத்தித் துணியில ஒரு மாதிரிச் சட்டை தைப்பியுங்கோ. விழா நெருங்கினால் தைக்கிறவைக்கு மூச்சு விட நேரமில்லை, திருத்தித் தரமாட்டினம். அதைப் போட்டுக்கொண்டு ரெண்டு மணித்தியாலம் வீட்டில வேலை செய்யுங்கோ, கதிரையில இருங்கோ. பிறகு கண்ணாடிக்கு முன்னால நிண்டு, முருகனைக் கும்பிடுற மாதிரித் தலைக்கு மேல ரெண்டு கையையும் கூப்புங்கோ. சட்டையின்ர கீழ் ஓரம் அரை அங்குலத்துக்கு மேல ஏறினால் கைக்குழி இன்னும் கீழதான் நிக்குது. அதைத் திருத்திப் போட்டு, அந்த மாதிரிச் சட்டையையே இனி அளவுச் சட்டையாக் குடுங்கோ.