குழாயில் குத்திய எழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

உதகை புனித ஸ்தேவான் ஆலயம் 1830-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. அரண்மனை மரம் ஆலய மரமானதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். காற்றால் குழாய்களை ஒலிக்கவைக்கும் ஆலய வாத்தியமான பழைய குழாய் ஆர்கன் என்றால் மட்டும், கப்பலில் வந்து இறங்கியபடியே இருந்தால்தான் மதிப்பு என்கிறோம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

நீலகிரியில் நான் வாசிக்கும் ஆர்கனைச் சென்ற கோடையில் தூசி தட்டினோம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழாய்கள். ஒவ்வொன்றிலும் அதன் ஸ்வரத்தின் எழுத்து குத்தியிருக்கும். 'சி' என்று குத்திய குழாய், அடுத்த ஸ்வரமான சி ஷார்ப்பின் துளையில் நின்றது. பக்கத்துக் குழாயும் அப்படியே. வரிசை முழுவதும் ஓரிடம் தள்ளி நின்றது!

யாரோ தவறாகச் செருகியதல்ல. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சுருதி உயரம். 'ஏ' ஸ்வரம் வினாடிக்கு ஏறத்தாழ 452 அதிர்வுகள். பிறகு அது இறங்கியது. 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்று முடிவு செய்தது. குழாய் நீண்டால் சுருதி இறங்கும், குறுகினால் ஏறும். ஆனால் குழாயை நீட்டுவதைவிட நறுக்குவது எளிது. ஆகவே ஒவ்வொன்றையும் அடுத்த மேல் ஸ்வரத்தின் துளைக்குத் தள்ளி, நுனியைக் கொஞ்சம் நறுக்கி, அடி ஸ்வரத்துக்கு மட்டும் புதுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு குழாய் மட்டும் துத்தநாகம். விரலால் தட்டினால் ஓசையே வேறு.

மரப்பெட்டியின் பக்கவாட்டில் பலகை வைத்து அடைத்த ஒரு துளை இருக்கிறது. மின்சார மோட்டார் வருமுன், குழாய்களுக்குக் காற்று தரும் துருத்தியின் கைப்பிடி அதன் வழியாகத்தான் வெளியே நீட்டியிருந்தது. ஆலய ஊழியரான கோயில்பிள்ளை அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஞானப்பாட்டின் நடுவில் அவர் கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். துருத்தியில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குக் காட்ட, நூலில் கட்டிய ஈயக் குண்டு ஒன்று ஏறி இறங்கும்.

குழாய்களை மெருகேற்றி எழுத்துகளைத் தேய்த்துவிடலாம் என்று யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. எந்தத் துளையில் எந்த எழுத்து என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். துருத்தி அழுத்திய குடும்பத்தார் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், எந்த ஆண்டுவரை கையால் அழுத்தினார்கள் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை நோட்டில் வெறுமையாக விட்டிருக்கிறேன். ஈயக் குண்டு இன்னும் அதே நூலில்தான் தொங்குகிறது.